கேப்டனின் முழங்கை

ஹெலிகாப்டர் தானாக நிற்காது. வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே இதை உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். விமானி கையை எடுத்தால் விமானம் கொஞ்ச நேரம் அதே பாதையில் போகும். ஹெலிகாப்டரோ சில வினாடிகளில் ஒரு பக்கம் சாயும், சாய்ந்த பக்கம் நகரும், பிறகு இன்னும் வேகமாகச் சாயும். அந்தரத்தில் ஒரே இடத்தில் அதை நிறுத்தி வைப்பது விமானியின் கைக்கு இடைவிடாத வேலை. அந்த வேலையில் பெரும்பகுதியைக் கணினியிடம் ஒப்படைப்பதுதான் நம் தொழில். அதற்கு முதலில் ஹெலிகாப்டர் எப்படி அசையும் என்று சமன்பாடுகளாக எழுத வேண்டும். பிறகு அந்தச் சமன்பாடுகளை நம்ப வேண்டும். எழுதுவதற்குப் புத்தகங்கள் இருக்கின்றன. எந்த இடத்தில் நம்பக் கூடாது என்று சொல்லும் புத்தகத்தை நான் பார்த்ததில்லை. ஆகவே நான் நம்பிக் கெட்ட ஒரு சம்பவத்தையும், அதிலிருந்து எப்படி வெளியே வந்தோம் என்பதையும் எழுதுகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது. கல்கத்தாவின் ஜாதவ்பூரில் பல்கலைக்கழகத்துக்குப் பின்னால், ஆட்டோ நிறுத்தத்தை ஒட்டிய ஒரு மூன்று மாடிக் கட்டடத்தில் நாங்கள் ஆறு பேர் வேலை செய்துகொண்டிருந்தோம். வெள்ள மீட்புக்குப் போகும் நடுத்தர ஹெலிகாப்டர் ஒன்றுக்கு, அதை ஓரிடத்தில் நிறுத்திப் பிடிக்கும் கணினி அமைப்பை உருவாக்குவது எங்கள் பொறுப்பு. பேச்சில் அதை ‘ஹோல்டு’ என்று மட்டும் சொல்வோம். சுந்தரவனத்துத் தீவுகளில் தண்ணீர் ஏறும்போது ஆட்கள் கூரைமேல் ஏறி நிற்பார்கள். ஹெலிகாப்டர் மேலே நின்றபடி, வின்ச் என்னும் கயிறு சுற்றும் இயந்திரத்தால் ஓர் ஆளை இறக்கி அவர்களைத் தூக்கும். காற்றில் ஹெலிகாப்டர் மூன்று மீட்டர் நகர்ந்தால் கயிற்றில் தொங்குபவரும் மூன்று மீட்டர் நகர்வார். அதற்கு முந்தைய மழைக்காலத்தில் அப்படி நகர்ந்த ஒருவர் தென்னைமரத்தில் மோதி இடுப்பு முறிந்து கிடந்தார். அடுத்த மழைக்காலத்துக்கு முன் டெல்லியிலிருந்து வரும் ஏற்புக் குழு எங்கள் ஹோல்டை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்ளாவிட்டால் இன்னொரு மழைக்காலமும் வெறும் கையை நம்பித்தான் ஆட்களை இறக்குவார்கள். எங்கள் முன் இருந்தது இவ்வளவுதான். இதைவிடப் பெரிதாக எதுவும் தேவையும் இல்லை.

எங்களிடம் ஒரு சிமுலேட்டர் இருந்தது: பறப்பைத் திரையில் காட்டும், தான் அசையாத ஒரு போலி விமானி அறை. கணினிகள் நாங்கள் அடுக்கியவை. விமானி அறையைச் செய்து கொடுத்தவர் டாலிகஞ்ச் சினிமா ஸ்டுடியோக்களில் செட் போடும் தச்சர். அரண்மனை தர்பார், போலீஸ் ஸ்டேஷன், ஒரு கப்பலின் உள்ளறை எல்லாம் அவர் கைவேலை. வரைபடத்தைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “கேமரா எந்தப் பக்கம், திதி?” இங்கே அக்காவை ‘திதி’ என்பார்கள், அண்ணனை ‘தாதா’ என்பார்கள்.

“கேமரா கிடையாது. உள்ளே ஒருத்தர் உட்காருவார்.”

“அப்ப நாலு பக்கமும் மரம் போடணுமே. இது செட் இல்ல, வீடு.”

நல்ல வீடாகவே கட்டிக் கொடுத்தார். ஆனால் இருக்கை, உண்மையான ஹெலிகாப்டரில் இருப்பதைவிட நான்கு விரல் தாழ்ந்துவிட்டது. அந்த அளவு பறப்பியலைப் பாதிக்காது என்று நான் விட்டுவிட்டேன். ஹெலிகாப்டரில் விமானி வலது முன்கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, கால்களுக்கு நடுவே நிற்கும், ஹெலிகாப்டரைத் திசை மாற்றும் ஸ்டிக்கைப் பிடிப்பார். எங்கள் தாழ்ந்த இருக்கையில் அந்தத் தோரணை வாய்க்கவில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்த விமானிகள் முழங்கை வலிக்கிறது என்றார்கள். நான் ஒரு தாளில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தச்சரை மறுபடி வரவழைத்தேன். அவர் வலது பக்கம் கை வைத்துக்கொள்ள வழுவழுப்பான ஒரு பலகை அடித்துக் கொடுத்தார். வலி போய்விட்டது. வலி ஒரு தகவல் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

நான்கு விமானிகள் ஹோல்டை சிமுலேட்டரில் ஓட்டிப் பார்த்தார்கள். நான்கு பேரும் நல்ல மதிப்பெண் கொடுத்தார்கள். சோதனை விமானி மட்டும் மதிப்பெண் தாளின் ஓரத்தில், “இது என்னைவிட நன்றாக ஓட்டுகிறது. எனக்குப் பிடிக்கவில்லை” என்று எழுதினார். அவர் கடற்படையிலிருந்து வந்தவர், பெஹாலாக்காரர். எல்லாரும் அவரைக் கேப்டன் என்றே கூப்பிட்டோம். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். என் தொழில் வாழ்க்கையில் எனக்குப் பாடம் சொன்னவர்களின் பட்டியல் போட்டால் முதல் இடம் அவருக்குத்தான். அதை அவரிடம் நான் சொன்னதில்லை.

முதல் சோதனைப் பறப்பு நகரத்துக்குத் தெற்கே ஒரு சின்ன விமானத்தளத்தில், பங்குனிக் கடைசியில் ஒரு காலை. ஹெலிகாப்டர் இருபது மீட்டர் உயரத்தில் நின்றது. கேப்டன் ஹோல்டைப் போட்டார். ஒரு நிமிடம் அது ஆணி அடித்த மாதிரி நின்றது. பிறகு இடது பக்கம் கொஞ்சம் தள்ளி நிறுத்துவதற்காக ஸ்டிக்கைத் தொட்டார். ஹெலிகாப்டர் இடம் வலமாக ஆடத் தொடங்கியது. வினாடிக்கு ஏறக்குறைய இரண்டு ஆட்டம். ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பெரியது. ஏழாவது ஆட்டத்தில் அவர் கட்டைவிரலால் ஹோல்டை அணைத்தார். ஆட்டம் உடனே நின்றது.

இறங்கி வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: “உங்க சிமுலேட்டர்ல நான் நல்ல பைலட், திதி. ஹெலிகாப்டர்லதான் எனக்கு ஓட்டத் தெரியலை போல.”

அன்று மாலைக்குள் பதிவுப் பெட்டியிலிருந்து தகவல்களை எடுத்துவிட்டோம். அதில் ஐயத்துக்கு இடமே இல்லை. ஹெலிகாப்டர் ஆடிய அதே வேகத்தில் ஸ்டிக்கும் இடம் வலமாக ஆடியிருந்தது. விமானியின் கை பதற்றத்தில் மிகையாகத் திருத்தும், ஹெலிகாப்டர் அதைப் பின்தொடரும், கை மறுபடி திருத்தும். நம் துறையில் இதற்குப் பெயர் இருக்கிறது. அறிக்கையில் அந்தப் பெயரை எழுதினால் விமானியின் தவறு என்று பொருள்.

எங்கள் குழுவின் கூர்மையான மூளை கார்த்திக். கரக்பூர் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவன். தமிழைவிட வங்காளம் நன்றாகப் பேசுவான், இரண்டையும்விடக் கணக்கு நன்றாகப் பேசுவான். அவன் வரைபடத்தை என் மேசையில் வைத்தான்.

“அக்கா, கேப்டன் தாதாதான் ஆட்டியிருக்கார். ஸ்டிக்கைப் பாருங்க.”

“அவர்கிட்ட கேட்டியா?”

“கேட்டேன். கையை அசைக்கவே இல்லைங்கிறார். எல்லா பைலட்டும் அப்படித்தானே சொல்வாங்க.”

ஏற்புக் குழு மூன்று வாரம் கொடுத்தது. குழுத் தலைவர் விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்றவர், கனத்த உடம்பு, குறைவான பேச்சு. தொலைபேசியில் அவர் சொன்ன வழி நியாயமானது. உங்களில் பலரும் அதையே சொல்வீர்கள். ஹோல்டின் வலுவைப் பாதியாக்குங்கள். வலு என்றால் ஹெலிகாப்டரைக் கணினி எவ்வளவு வேகமாகத் திருத்துகிறது என்ற அளவு. அதைக் குறைத்தால் ஆட்டம் நின்றுவிடும். கூடவே, காற்றடித்தால் பிடிப்பும் தளர்ந்துவிடும். கயிற்றில் தொங்குபவரைத் தென்னைமரத்தில் மோதவைக்கும் பழைய மூன்று மீட்டர் திரும்பி வந்துவிடும். ஹோல்டு ஏற்கப்பட்டது என்று தாள் சொல்லும். கூரைமேல் நிற்பவருக்கு எந்த வித்தியாசமும் இருக்காது.

ஐந்து பேரும் பாதியாக்கலாம் என்றார்கள். நான் இரண்டு நாள் கேட்டேன்.

அந்த இரண்டு நாளில் நான் செய்தது ஒன்றுதான். பதிவுப் பெட்டி ஸ்டிக் அசைந்தது என்கிறது. கேப்டன் அசைக்கவில்லை என்கிறார். ஒருவர் பொய் என்று முடிவு கட்டினால் வேலை சுலபம். நான் இரண்டையும் உண்மை என்று எழுதி வைத்துக்கொண்டேன். ஸ்டிக் அசைந்தது. கேப்டன் அசைக்கவில்லை. அப்படியானால் வேறு எது அசைத்தது?

பதிலைத் தேடி சிமுலேட்டரில் அவரை மறுபடி உட்கார வைத்தேன். இதுவரை எல்லாரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இந்தத் தடவை திரைக்கு முதுகு காட்டி நின்று அவரைப் பார்த்தேன். அவருடைய முன்கை பலகைமேல் இருந்தது. மணிக்கட்டு மட்டும் அசைந்தது.

“ஹெலிகாப்டர்ல இந்தப் பலகை எங்கே இருக்கு, கேப்டன்?”

“அங்கே ஏது பலகை? தொடைமேல கை. இங்கதான் நீங்க மாமியார் வீட்டு உபசாரம் பண்ணி வச்சிருக்கீங்க.”

வராந்தாவில் சக்கரமும் கைப்பிடியும் உள்ள ஓர் ஆபீஸ் நாற்காலி கிடந்தது. அதில் அவரை உட்கார வைத்தேன். அவருடைய குடையின் முனையை நாற்காலியிலேயே, இரண்டு தொடைகளுக்கு நடுவே ஊன்றி, பிடியைக் கையில் கொடுத்தேன். “இதை அசைக்கக் கூடாது” என்றேன். கார்த்திக்கிடம் நாற்காலியைப் பக்கவாட்டில் ஆட்டச் சொன்னேன்.

“தாதா திட்டுவார், அக்கா.”

“திட்டட்டும். வினாடிக்கு ரெண்டு தடவை. எண்ணிக்கிட்டே ஆட்டு.”

டீ குடிக்க வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். முன்கை நாற்காலியின் கைப்பிடியில் இருந்தவரை குடை நிமிர்ந்து நின்றது. தொடைக்கு மாற்றியதும், நாற்காலி வலது பக்கம் போகும்போதெல்லாம் குடை இடது பக்கம் சாய்ந்தது, கொஞ்சம் தாமதித்து.

“அசைக்காதீங்க கேப்டன்.”

“நான் அசைக்கலை.” குனிந்து பார்த்தார். “இது என் கை மாதிரியே இல்லையே.”

விஷயம் இதுதான். ஹெலிகாப்டர் சட்டென்று பக்கவாட்டில் நகர்ந்தால் விமானியின் உடம்பு பின்தங்கும், தோளும் கையும் ஸ்டிக்கை எதிர்ப்பக்கம் இழுக்கும். பழைய ஹெலிகாப்டர் மந்தமானது. வினாடிக்கு இரண்டு தடவை ஸ்டிக்கை ஆட்டினாலும் அது கண்டுகொள்ளாது. நாங்கள் போட்ட கணினி அதைச் சுறுசுறுப்பாக்கியது. விமானியின் கை சொன்ன ஒவ்வொன்றுக்கும், அவர் சொல்லாமல் சொன்னவற்றுக்கும் சேர்த்து, அது கீழ்ப்படிந்தது. உடம்பு கையை ஆட்ட, கை ஸ்டிக்கை ஆட்ட, ஸ்டிக் ஹெலிகாப்டரை ஆட்ட, ஹெலிகாப்டர் உடம்பை ஆட்டியது. சுழலும் ஒவ்வொரு இறக்கையும் மேலும் கீழும் வளைவதை நாங்கள் தனித்தனியாக எழுதியிருந்தோம். எரிபொருள் குறையக் குறைய எடை மாறுவதைக்கூட எழுதியிருந்தோம். எங்கள் சமன்பாடுகளில் இருக்கை மட்டும் காலியாக இருந்தது.

குடையை வைத்துக் குழுவிடம் போக முடியாது. அளவு வேண்டும். ஆட்டும் இருக்கை உள்ள சோதனைக்கூடங்கள் வேறு ஊர்களில் இருந்தன. அனுமதி கிடைக்கவே ஆறு மாதம் ஆகும். எங்களிடம் இருந்தது பத்தொன்பது நாள். எங்களுக்கு ஸ்டிக்கின் இரும்புப் பாகங்களைக் கடைந்து கொடுத்தவர் ஹவுராவில் ஒரு பட்டறைக்காரர். அவரிடம் ஒரு ஷேப்பர் மெஷின் இருந்தது. இரும்பைச் சீவுகிற இயந்திரம். அதன் தலை ஒரே நேர்கோட்டில் முன்னும் பின்னும் போய்வரும். எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் என்று மாற்றிக்கொள்ளலாம். மறுநாள் காலைப் படகில் ஆற்றைக் கடந்து, கேப்டனையும் கார்த்திக்கையும் கூட்டிக்கொண்டு போனேன்.

பட்டறைக்காரர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு கேப்டனை மேலும் கீழும் பார்த்தார்.

“இது இரும்பு சீவற மெஷின், திதி. கேப்டன் பாபுவை எவ்வளவு சீவணும்?”

“இடுப்புல ரெண்டு அங்குலம் எடுத்தா போதும்,” என்றார் கேப்டன்.

வெட்டும் உளியைக் கழற்றிவிட்டு, தண்டவாளத் துண்டுகள்மேல் ஒரு தள்ளுவண்டியை வைத்து அதன்மேல் இருக்கையைப் போல்ட் போட்டார்கள். உயரம் இந்தத் தடவை உண்மையான உயரம். ஷேப்பரின் தலையை வண்டியோடு இணைத்தார்கள். அவசரத்துக்கு மின்சாரத்தை அணைக்கும் கயிறு கேப்டனின் இடது கையில். இயந்திரத்தை ஓட்டுவதற்கு முன் பட்டறைக்காரர் என்னைத் தனியே கூப்பிட்டு, “இது போற வேகம் வேற, வர்ற வேகம் வேற. திரும்பி வரும்போது சீக்கிரம் வரும். உங்க கம்ப்யூட்டர் கோவிச்சுக்காதே?” என்று கேட்டார். நான் அதை யோசித்திருக்கவில்லை. கார்த்திக் அன்றே கணக்கை அதற்கேற்பத் திருத்தினான்.

மூன்று நாள் ஆட்டினோம். கேப்டன், கார்த்திக், பட்டறையில் வேலை செய்தவர்களில் விருப்பப்பட்டவர்கள், கடைசியில் பட்டறைக்காரரே. ஒல்லியானவர், பருமனானவர், நீளக் கைக்காரர், குட்டைக் கைக்காரர். எல்லாரிடமும் அதே கதை. பலகை இருந்தால் ஸ்டிக் அசையவில்லை. கை தொடைமேல் இருந்தால், வினாடிக்கு இரண்டுக்குச் சற்றுக் குறைந்த வேகத்தில் ஸ்டிக் மிக அதிகமாக அசைந்தது. அசைக்கவில்லை என்று எல்லாரும் சத்தியம் செய்தார்கள். அந்த அளவுகளை எங்கள் காலி இருக்கையில் உட்கார வைத்தோம். சமன்பாடுகள் அன்று முதல் தடவையாக ஆடின. கேப்டன் அணைத்து நிறுத்திய ஆட்டத்தின் அதே வேகத்தில், அதே மாதிரி பெருகிக்கொண்டு. கார்த்திக் திரையைப் பார்த்துச் சிரித்தான். தன் வேலை தப்பாகப் போனதைப் பார்த்து ஒருவன் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் கண்டதில்லை.

இனித் தீர்வு சின்னது. ஸ்டிக்கிலிருந்து கணினிக்குப் போகும் பாதையில், அந்தக் குறிப்பிட்ட வேகத்தில் வரும் ஆட்டத்தை மட்டும் விழுங்கிவிடும் ஒரு வடிகட்டி. விமானி வேண்டுமென்றே செய்யும் அசைவுகள் அதைவிட மெதுவானவை. அவை தடையின்றிப் போகும். ஹோல்டின் வலுவைத் தொட வேண்டியதில்லை.

“அக்கா, வலுவையும் கொஞ்சம் குறைச்சிடலாமே. ரெண்டும் இருந்தா சேஃப்.”

“ரெண்டும் போட்டா எது வேலை செஞ்சதுன்னு உனக்குத் தெரியுமா?”

யோசித்தான். “தெரியாது.”

“அப்ப ஒண்ணு போதும்.”

ஏற்புக் குழுவின் கூட்டத்தில் நான் முதலில் எடுத்து வைத்தது வரைபடத்தை அல்ல. பலகை அடிக்கச் சொல்லி நான் கையெழுத்திட்ட தாளை. விமானிகளின் வலியை மறைத்தவள் நான், அதனால்தான் சிமுலேட்டரில் யாருடைய கையையும் யாரும் கவனிக்கவில்லை என்று சொன்னேன். ஷேப்பர் அளவுகளைக் காட்டினேன். தலைவர் கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னார்:

“ஆக, ஹெலிகாப்டர் குற்றவாளி இல்லை. விமானியும் இல்லை. முழங்கைதான்.”

“முழங்கையும் இல்லை, சார். முழங்கையைக் கணக்கில் சேர்க்காத நாங்கள்.”

கேப்டன் கை தூக்கினார். “பழைய ஹோல்டையே, வடிகட்டி இல்லாம, நாளைக்கு ஓட்டிக் காட்டறேன். முழங்கையை இடுப்போட இறுக்கி வச்சுக்கறேன். ஆடாது. அப்ப எல்லாருக்கும் புரியும்.”

அறையில் அது எடுபட்டது. இரண்டு பேர் தலையாட்டினார்கள். கண்ணால் கண்ட சாட்சிபோல ஒன்று கிடைத்துவிடும். நான் வேண்டாம் என்றேன்.

“ஏன், திதி? நான்தானே உள்ளே உட்காரப் போறேன்?”

“நீங்க முழங்கையை ஞாபகம் வச்சுப்பீங்க. நாலாவது மணி நேரமாப் பறக்கற ஒரு பைலட், கீழே கூரைமேல குழந்தை நிக்கும்போது, முழங்கையை ஞாபகம் வச்சுக்க மாட்டார். மறக்கிறவருக்குத்தான் இது வேலை செய்யணும். மறந்துதான் ஓட்டிக் காட்டணும்.”

தலைவர் என்னையே பார்த்தார். “நானே ஓட்டுகிறேன்,” என்றார். “எனக்கு உரிமம் இருக்கிறது. உங்கள் கேப்டனைப்போல ஒன்றரை மடங்கு உடம்பும் இருக்கிறது. ஆட வேண்டியது அதிகம்.”

சித்திரை மாதம் மூன்றாம் வாரம். பிற்பகல் மூன்று மணி. கால்பந்து மைதானத்தில் கோடு போடும் ஒருவரை அழைத்து, விமானத்தளத்துப் புல்லில் ஈரச் சுண்ணாம்பை விளிம்புவரை நிறைத்துக் கனமாகப் பூசி, இரண்டு ஆள் நீளத்துக்கு வெள்ளை வட்டம் போட்டிருந்தோம். வடமேற்கில் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. கல்கத்தாக்காரர்களுக்கு அது என்னவென்று தெரியும்: மாலைக்குள் புழுதிக் காற்றும் மழையும் அடித்தால் அன்றைய பறப்பு முடிந்தது. மறுநாள் குழு டெல்லிக்குத் திரும்புகிறது.

வலது இருக்கையில் தலைவர், இடது இருக்கையில் கேப்டன். எந்த நிமிடத்திலும் ஹோல்டை அணைக்கும் பொத்தானில் கேப்டனின் விரல். டெஸ்ட் கார்டில், அதாவது அன்றைய பறப்பில் செய்ய எழுதி ஒப்புக்கொண்டவற்றின் பட்டியலில், இருந்தது இவ்வளவுதான்: வட்டத்தின்மேல் ஹோல்டில் நிற்க வேண்டும், இடம் வலம் நகர்த்த வேண்டும், ஆளின் எடையுள்ள மணல் மூட்டையை வின்ச்சில் நான்கு தடவை இறக்கி ஏற்ற வேண்டும்.

காற்று அப்போதே விட்டுவிட்டு அடிக்கத் தொடங்கியிருந்தது. ஹெலிகாப்டர் நின்றது. தலைவர் ஸ்டிக்கைத் தொட்டு இடது பக்கம் நகர்த்தினார். நான் வினாடிகளை எண்ணினேன். அது நகர்ந்தது, நின்றது. வலது பக்கம் நகர்த்தினார். நின்றது. பிறகு அவர் வேண்டுமென்றே ஆட்டிப் பார்க்கிறார் என்று புரிந்தது. கார்த்திக்கின் திரையில் ஸ்டிக்கின் கோடு ரம்பப் பல்லாகத் துள்ளியது. அதன் கீழே ஹெலிகாப்டரின் கோடு நேராக ஓடியது. மூட்டை நான்கு தடவை இறங்கியது, நான்கு தடவை ஏறியது.

ரேடியோவில் தலைவரின் குரல் வந்தது. “மூட்டை போதும். ஆளை இறக்குகிறேன். அனுமதி கொடுங்கள்.”

எங்களைச் சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். ஒரு விமானி ஹோல்டை நம்பி உயிருள்ள மனிதரைக் கயிற்றில் இறக்குகிறேன் என்பதைவிடப் பெரிய மதிப்பெண் நம் தொழிலில் கிடையாது. பதினோரு மாதம் நாங்கள் காத்திருந்த வாக்கியம். சோதனையை நடத்துபவள் நான், மைக் என் கையில் இருந்தது.

“அனுமதி இல்லை, சார். கார்டில் அது இல்லை. இறங்கி வாருங்கள். எழுதிக்கொண்டு மறுபடி போகலாம்.”

“மேகத்தைப் பார்த்தீர்களா?”

“பார்த்தேன்.”

“எழுதி முடிப்பதற்குள் வந்துவிடும். நாளை நான் இருக்க மாட்டேன்.”

“தெரியும், சார். இறங்கி வாருங்கள்.”

கார்த்திக் என் பக்கத்தில் மிக மெதுவாக, “அக்கா, ஜெயிச்சாச்சு. விட்டுடுங்களேன்” என்றான்.

அவனுக்கு நான் அப்போது பதில் சொல்லவில்லை. இப்போது உங்களுக்குச் சொல்கிறேன். தோற்கும்போது விதியை மீறத் துணிகிறவர்கள் குறைவு. ஜெயிக்கும்போது எல்லாரும் மீறுவார்கள். கயிற்றில் ஆள் தொங்கும்போது ஹோல்டு நின்றுபோனால் யார் எந்தப் பக்கம் நகர்த்துவது, கயிற்றை யார் வெட்டுவது, எந்தச் சொல்லைக் கேட்டதும் நிறுத்துவது, ஒன்றையும் நாங்கள் பேசியிருக்கவில்லை. மூட்டைக்கு அவை தேவைப்படவில்லை.

ஹெலிகாப்டர் இறங்கியது. தலைவர் முகம் சிவந்து வந்தார். கேப்டன் பின்னால் வந்து, யாரையும் பார்க்காமல், “எங்கே பேனா?” என்றார். ஜீப்பின் முன்பக்கத்தில் தாளை விரித்து நின்றபடியே எழுதினோம். நான்கு கேள்விகள், நான்கு பதில்கள், யார் எதைச் சொல்வது என்று. இரண்டாவது கேள்வியை எழுதும்போது தலைவர் என் கையிலிருந்து பேனாவை வாங்கி, நான் விட்டுவிட்ட ஒன்றைச் சேர்த்தார்: மண்ணைத் தொட்டதும் கயிற்றில் எவ்வளவு தளர்வு கொடுப்பது என்று. அதன்பிறகு அவர் முகத்தில் சிவப்பு இல்லை.

கையெழுத்துப் போட வேண்டிய இன்னொருவர் மீதி இருந்தார். வின்ச்சில் இறங்குபவர், கானிங் பக்கத்துக்காரர், ஐம்பதை நெருங்குபவர். அவரிடம் கேட்டேன். “இறங்கறீங்களா, தாதா? வேண்டாம்னா வேண்டாம். யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க.”

அவர் வட்டத்தை நோக்கி நடந்தார். உள்ளே கால் வைக்காமல் விளிம்பில் குந்தி உட்கார்ந்தார். நானும் போய்ப் பார்த்தேன். மூட்டை நான்கு தடவை இறங்கியிருந்தது. சுண்ணாம்பில் ஒரே ஒரு பள்ளம்தான் இருந்தது.

“எழுதுங்க திதி,” என்றார். “போறேன்.”

தரையிறங்கியதிலிருந்து மறுபடி மேலேறும்வரை இருபத்திரண்டு நிமிடம். மேகம் தலைக்குமேல் வந்திருந்தது. காற்று புல்லைப் படுக்க வைத்தது. ஆனால் மழை எங்கள் பக்கம் விழவில்லை. பராசத் பக்கம் ஆலங்கட்டியாகக் கொட்டியது என்று மறுநாள் செய்தித்தாளில் பார்த்தேன். இருபது மீட்டர் உயரத்தில் ஹெலிகாப்டரின் கதவு திறந்து அந்த மனிதர் வெளியே வந்தார். ஒரு தடவை பலமாகக் காற்றடித்தது. மேலே ஹெலிகாப்டர் காற்றுப் பக்கம் சாய்ந்துகொண்டது. நின்ற இடத்திலிருந்து நகரவில்லை. கயிறு நேராகத் தொங்கியது. அவர் இறங்கினார், கொக்கியை விடுவித்தார், கட்டைவிரலை உயர்த்தினார்.

தலைவர் இறங்கி வந்து, இயந்திரம் ஓய்வதற்குள்ளாகவே ஏற்புத் தாளைக் கேட்டு வாங்கினார். ‘முழு வலுவில் ஏற்கப்படுகிறது’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். குறிப்புகள் எழுதும் கட்டத்தில், குறை எதுவும் இல்லை என்று ஒரு கோடு இழுத்தார். கேப்டன் அந்தக் கோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, “எனக்கு இன்னும் பிடிக்கலை. என்னைவிட நல்லா ஓட்டுது” என்றார். அந்த ஆண்டு மழையில் முதலாவது தீவில் தண்ணீர் ஏறியபோதே ஹெலிகாப்டர் எங்கள் ஹோல்டோடுதான் போனது.

எல்லாரும் விமானத்தளத்தின் ஓரத்தில் போட்டிருந்த கூடாரத்துக்குள் போன பிறகு கார்த்திக் என்னை வட்டத்தருகே கூப்பிட்டான். கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். வெள்ளை வட்டத்தின் நடுவில், மூட்டை விழுந்த பள்ளத்தின்மேலேயே, இரண்டு பூட்ஸ் பதிந்திருந்தன. அங்கிருந்து காலடிகள் வரிசையாக வெளியே போயின. வட்டத்துக்குள் வந்த காலடி ஒன்றுகூட இல்லை.